பிரிவு ஒப்பந்தம் எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றாக இருந்த நாடுகளைப் பிரித்து எழுதும் பேச்சுவார்த்தைக் குழுவினருக்கு, இன்று மேசையில் இருப்பவர்களுக்கும் நாளைக்கு உட்காரப் போகிறவர்களுக்கும் சேர்த்து, வணக்கம்.

பிரிவது சரியா தப்பா என்று வாதாட இதை எழுதவில்லை. அதை அந்தந்த மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சில இடங்களில் அவர்களைக் கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது, செக்கோஸ்லோவாக்கியா பிரிந்தபோது பொது வாக்கெடுப்பே நடக்கவில்லை. அது வேறு சண்டை. முடிவு ஆகிவிட்டது, இனி பங்கு பிரிக்க வேண்டும் என்ற கட்டத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. உங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் எழுதிய ஒப்பந்தங்களையும், அவை கிளப்பிவிட்ட வழக்குகளையும் ஆர்வத்தில் படித்து வருகிறவன், அவ்வளவுதான். படிக்கப் படிக்க ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. நீங்கள் வரிசையைத் தலைகீழாக வைக்கிறீர்கள். தங்கம், தூதரகக் கட்டடம், போர்க்கப்பல், கொடி இதெல்லாம் முதல் நாளே மேசைக்கு வந்துவிடுகிறது. ஒருவர் இனி எந்த நாட்டுக் குடிமகன், அவருக்குப் பென்ஷன் யார் தருவது, அவர் வங்கியில் போட்டு வைத்த பணம் எங்கே போனது என்பதெல்லாம் கடைசியில், எல்லோரும் களைத்துப்போன பிறகு, ஒரு இணைப்பில் நாலு வரியாக முடிகிறது. அந்த நாலு வரிதான் இருபது ஆண்டு கழித்தும் நீதிமன்றப் படிகளில் நிற்கிறது.

பங்கு பிரிப்பதே பெரிய மலை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மையைச் சொன்னால் அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. 1993 ஜனவரி 1-இல் செக்கோஸ்லோவாக்கியா இரண்டானது. அதற்கு முந்தைய நவம்பரில் நிறைவேறிய சட்டங்களின் கணக்கு ரொம்ப எளிமையானது. அசையாச் சொத்து எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு, மற்றவை மக்கள்தொகைப்படி இரண்டு பங்கு செக் பக்கம், ஒரு பங்கு ஸ்லோவாக் பக்கம். தங்கத்தைப் பற்றிய மனக்கசப்பு மட்டும் 2000 வரை இழுத்தது, மற்றபடி பெரும்பகுதி ஓடிவிட்டது. இதற்கு நூற்றறுபது ஆண்டுக்கு முன்னால் கிரான் கொலம்பியா உடைந்தபோதும் இதே மாதிரிதான். லண்டனில் வாங்கிய கடனை 1830-களில் நூற்றுக்கு 50, 28.5, 21.5 என்று இன்றைய கொலம்பியா, வெனிசுவேலா, ஈக்வடார் மூன்றும் தலையில் ஏற்றிக்கொண்டன.

கணக்குக்கே உட்காராத வழியும் உண்டு. சோவியத் ஒன்றியம் கலைகிற நேரத்தில், 1991 டிசம்பரில், வெளிக்கடனில் ரஷ்யாவுக்கு 61.34 சதவீதம், உக்ரைனுக்கு 16.37 சதவீதம் என்று தசம புள்ளி வரை போட்டார்கள். அப்புறம் அது சரிப்பட்டு வராது என்று, கடன் முழுவதையும் நானே கட்டுகிறேன், வெளிநாட்டுச் சொத்து முழுவதையும் எனக்கே கொடுங்கள் என்று ரஷ்யா சொன்னது. பெரும்பாலான குடியரசுகள் ஒத்துக்கொண்டன. உக்ரைன் 1994-இல் கையெழுத்துப் போட்டது, ஆனால் அதன் நாடாளுமன்றம் அதை ஏற்கவே இல்லை. கடைசிப் பாக்கியை ரஷ்யா 2017-இல்தான் கட்டி முடித்தது, அதையும் போஸ்னியாவுக்கு, அதாவது இன்னொரு உடைந்துபோன கூட்டாட்சியிலிருந்து பிறந்த நாட்டுக்கு! கடன் வாங்கிய நாடும் இல்லை, கொடுத்த நாடும் இல்லை, பாக்கி மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது.

யூகோஸ்லாவியாவுக்குத்தான் பத்தாண்டு ஆனது, ஆனால் அதற்குப் போர் காரணம், கணக்கு காரணமில்லை. 2001 ஜூன் 29-இல் வியன்னாவில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. வெளிநாட்டு நிதிச் சொத்தில் செர்பியா-மாண்டினீக்ரோவுக்கு 38, குரோவேஷியாவுக்கு 23, ஸ்லோவேனியாவுக்கு 16, போஸ்னியாவுக்கு 15.5, மாசிடோனியாவுக்கு 7.5. தூதரகக் கட்டடங்களுக்குத் தனியாக வேறொரு விகிதம். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட நாடுகளே இந்த எண்களில் உடன்பட முடிந்தது என்றால், எண்கள் உங்கள் பெரிய சிக்கல் இல்லை என்று நான் சொல்வதில் தப்பில்லை.

இதைக் குடும்பப் பாகப்பிரிவினை மாதிரி நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கும் அந்த ஒப்பீடு பிடிக்கும், ஒரு எல்லை வரை. வீட்டில் பங்கு பிரிக்கும்போது பிரிக்க முடியாத பொருளுக்கு யாராவது ஒருவர் விலை கொடுத்து வைத்துக்கொள்வார். நாடுகளுக்கு அந்தப் புத்தி வருவதில்லை. 1947-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் அருங்காட்சியகப் பொருட்களைப் பிரித்தபோது மொகஞ்சதாரோவில் கிடைத்த கழுத்து மாலையை இரண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த நகை, அதைச் செய்தவருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியாது. மணிகளை எண்ணிச் சமமாகப் பிரித்தோம் என்று கோப்பில் எழுதி யாரோ ஒரு அதிகாரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பெல்ஜியத்தில் ஒரே பல்கலைக்கழகம் மொழிவாரியாக இரண்டானபோது நூலகத்தை அடுக்கு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்தார்கள். அது நாடு இல்லைதான், இருந்தாலும் அதே மூளை. சமமாக இருக்க வேண்டும் என்ற பயத்தில் பயனில்லாமல் ஆக்கிவிடுவது.

சரி, இப்போது ஆட்களுக்கு வருகிறேன்.

செக்கோஸ்லோவாக்கியப் பிரிவை எல்லோரும் நாகரிகமான பிரிவு என்று புகழ்வார்கள், நானும் புகழ்வேன், ஆனால் பென்ஷன் விஷயத்தை மட்டும் பாருங்கள். பிரிவதற்கு முந்தைய உழைப்புக் காலத்துக்கு எந்த நாடு பென்ஷன் தருவது என்பதற்கு அவர்கள் வைத்த விதி, பிரியும் நாளில் உங்கள் வேலைகொடுப்பவரின் பதிவு அலுவலகம் எங்கே இருந்தது என்பது. நீங்கள் எங்கே பிறந்தீர்கள், எங்கே குடியிருந்தீர்கள் என்பதற்கெல்லாம் வேலையில்லை. காகிதத்தில் சுத்தமான விதி, ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஸ்லோவாக் பணம் வலுவிழந்ததும், செக் நாட்டிலேயே வாழ்ந்தும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அந்தப் பக்கம் இருந்த ஒரே காரணத்துக்காகக் குறைந்த பென்ஷன் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். செக் அரசியல் சாசன நீதிமன்றம் செக் குடிமக்களுக்கு வித்தியாசத்தை ஈடுகட்டச் சொன்னது. குடிமக்களுக்கு மட்டும் என்பது பாகுபாடு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011-இல் சொன்னது. 2012 ஜனவரி 31-இல் செக் நீதிமன்றம் திருப்பி அடித்தது, அந்தத் தீர்ப்பே ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே போய்விட்டது, அது எங்களைக் கட்டாது என்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட ஒழுங்கையே ஆட்டிப் பார்த்த ஒரு தீர்ப்பு வந்தது வயதானவர்களின் மாதப் பணத்தைப் பற்றிய ஒரே ஒரு வசதியான வாக்கியத்திலிருந்து. பிரிந்து பத்தொன்பது ஆண்டு கழித்து.

குடியுரிமையில் இன்னும் மோசம். 1993-இன் செக் குடியுரிமைச் சட்டம், முந்தைய கூட்டாட்சியில் ஸ்லோவாக் குடியரசின் ஆட்களாகப் பதிவாகியிருந்தவர்கள் செக் குடியுரிமை பெற வேண்டுமானால் முந்தைய ஐந்து ஆண்டில் குற்றப்பதிவு இருக்கக் கூடாது என்றது. தங்கள் பெயர் ஸ்லோவாக் பக்கம் பதிவாகியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது, ஏனென்றால் ஒரே நாடாக இருந்தபோது அதனால் எதுவும் ஆகவில்லை. தலைமுறையாகச் செக் நகரங்களில் வாழ்ந்த ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் நிறையப் பேர் ஒரே இரவில் அந்நியர்களானார்கள்.

ஸ்லோவேனியாவில் நடந்தது உங்கள் மேசையில் ஒட்டி வைக்க வேண்டிய கதை. மற்ற யூகோஸ்லாவியக் குடியரசுகளிலிருந்து வந்து அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்களுக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவுக்குக் குடியுரிமை கிடைத்தது, அதைப் பாராட்ட வேண்டும். விண்ணப்பிக்காமல் விட்டவர்களையும் நிராகரிக்கப்பட்டவர்களையும் 1992 பிப்ரவரி 26-இல் நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். 25,671 பேர். கடிதம் கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஏதோ ஒரு சின்ன வேலைக்காக அலுவலகம் போனவர்களுடைய அடையாள அட்டையை அங்கேயே துளையிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை போனது, மருத்துவம் போனது, சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களை இன்றைக்கும் 'அழிக்கப்பட்டவர்கள்' என்றுதான் சொல்கிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் ஸ்லோவேனியாவைக் கண்டித்து, இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவரச் சொன்னது. இருபது ஆண்டு. இத்தனைக்கும் யாரும் கெட்ட எண்ணத்தோடு ஒரு பெரிய சதி செய்ய வேண்டியிருக்கவில்லை, காலக்கெடு முடிந்தவர்களை என்ன செய்வது என்று சட்டத்தில் மனிதத்தனமாக ஒரு வரி இல்லை, அது போதுமாக இருந்தது.

வங்கிப் பணமும் அப்படியே. ஸ்லோவேனியாவின் லூப்லியானாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வங்கியின் கிளைகளில், போஸ்னியாவின் சரயேவோவிலும் குரோவேஷியாவின் ஜாக்ரெபிலும், மக்கள் அந்நியச் செலாவணியாகச் சேமித்து வைத்திருந்தார்கள். நாடு உடைந்ததும் பணத்தைத் தர வேண்டியது தலைமையகம் இருக்கும் நாடா, கிளை இருக்கும் நாடா என்று ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். 2001 ஒப்பந்தம் இதைத் தீர்க்கவில்லை, சர்வதேசத் தீர்வு வங்கியின் மேற்பார்வையில் அப்புறம் பேசிக்கொள்ளுங்கள் என்றது. பேசினார்கள், முறிந்தது. கடைசியில் ஸ்ட்ராஸ்பர்க்தான் 2014-இல் ஸ்லோவேனியாவும் செர்பியாவும் தங்கள் தங்கள் வங்கிகளுக்குப் பொறுப்பு என்று தீர்த்தது. நாற்பது வயதில் பணம் போட்டவருக்கு எழுபதை நெருங்கும்போது தீர்ப்பு. 'அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்று எழுதும்போது உங்களுக்குப் பேனா வழுக்கிக்கொண்டு போகும், தெரியும். அந்த வரியை எழுத வேண்டிய நிலை வந்தால், பேச்சு முறிந்தால் இன்ன தேதியிலிருந்து இன்னார் கட்டுவார் என்ற அடுத்த வரியையும் கூடவே எழுதுங்கள். பிடிக்காத தரப்பு எழுந்து போகட்டும், வாசல் வரை போய்த் திரும்பி வருவார்கள்.

நாணயத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. செக், ஸ்லோவாக் இரண்டும் சில மாதமாவது பொது நாணயம் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பிரிந்தன. ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை, பிப்ரவரி 8-இல் பழைய நோட்டுகளின் மேல் முத்திரை வில்லை ஒட்டித் தனித்தனி நாணயமாக்கிவிட்டார்கள். பணத்தைத் தூக்கிக்கொண்டு வலுவான பக்கம் ஓடுவது மனித இயல்பு, அதைத் தடுக்கும் பொது வாக்குறுதி எதையும் நான் பார்த்ததில்லை. எனவே பொது நாணயம் என்று மக்களிடம் சொல்வதற்கு முன்னால் பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று ஸ்காட்லாந்து 2014-இல் நடத்திய வாக்கெடுப்பில் பவுண்டு பற்றி நடந்த கூச்சலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அடையாளம். கொடி, பெயர், கீதம், ஆவணக் காப்பகம். இதில்தான் நீங்கள் அதிகமாக வியர்வை சிந்துகிறீர்கள், இங்கேதான் அதற்கு அவசியமே இல்லை என்பது என் கட்சி.

செக்கோஸ்லோவாக்கியா கலைப்புச் சட்டத்தில் தெளிவாக எழுதினார்கள், பழைய கூட்டாட்சியின் சின்னங்களை இரண்டு நாடும் பயன்படுத்தக் கூடாது என்று. செக் குடியரசு அதே பழைய கொடியைத் தன் கொடியாகச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது, இன்றைக்கும் அதுதான் பறக்கிறது. ஸ்லோவாக்குகளுக்கு வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம், ஆனாலும் இரண்டு நாடும் நல்ல அண்டை நாடுகளாகத்தான் இருக்கின்றன. தேசிய கீதமோ ஏற்கெனவே செக் பாட்டு ஒன்று, ஸ்லோவாக் பாட்டு ஒன்று என்று தைத்து வைத்ததாக இருந்தது, ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காற்பந்து அணி மட்டும் நாடே இல்லாமல் 1993 முழுவதும் 'செக்குகள், ஸ்லோவாக்குகளின் அணி' என்ற பெயரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை ஆடி முடித்தது. யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

எகிப்தும் சிரியாவும் 1958-இல் சேர்ந்து ஐக்கிய அரபுக் குடியரசு ஆனார்கள், 1961-இல் சிரியா விலகிவிட்டது. கூட இருந்த நாடு விலகிய பிறகும் எகிப்து 1971 வரை அந்தப் பெயரையே வைத்திருந்தது. அதைவிட வேடிக்கை, விலகிப் போன சிரியா 1980-இல் அந்த ஒன்றியத்தின் இரட்டை நட்சத்திரக் கொடியை மறுபடி எடுத்து, 2024 இறுதி வரை ஏற்றி வந்தது. கிரான் கொலம்பியாவின் மஞ்சள், நீலம், சிவப்பு இன்றைக்கும் மூன்று நாட்டுக் கொடியில் இருக்கிறது. சோவியத்தின் இணைய முகவரிப் பின்னொட்டு அந்த நாடு போன பிறகும் பல ஆண்டுகள் தளங்களைத் தாங்கி நின்றது, யூகோஸ்லாவியாவுடையதை 2010-இல் அணைத்துவிட்டார்கள், ஆனால் அதன் பழைய தொலைபேசிக் குறியீடு 38-இன் பின்னால் ஒரு எண் சேர்த்து அத்தனை வாரிசு நாடுகளும் இன்னும் வைத்திருக்கின்றன. பொதுவாக இருந்த ஒரு சின்னத்தை இருவரும் வைத்துக்கொள்ளலாம், ஒருவரும் வைத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். தங்கத்தில் அது நடக்காது. இந்த எளிய வித்தியாசத்தை விட்டுவிட்டுக் கொடியைத் தங்கம் போல எடைபோட உட்காருகிறீர்கள்.

சின்னத்தில் ஒரே ஒரு இடம் விதிவிலக்கு, நாற்காலி. ஐக்கிய நாடுகள் சபையில் சோவியத்தின் இடத்தில் ரஷ்யா 1991 டிசம்பரில் ஒரு கடிதத்தோடு உட்கார்ந்துவிட்டது, பாதுகாப்புச் சபையின் நிரந்தர இடம் உட்பட. அதையே செர்பியாவும் மாண்டினீக்ரோவும் யூகோஸ்லாவியாவின் பெயரில் கேட்டபோது 1992-இல் முடியாது என்றார்கள், புதிதாக விண்ணப்பித்து 2000 நவம்பரில்தான் சேர முடிந்தது. யாருக்கு ஒத்துக்கொள்வது, யாருக்கு மறுப்பது என்பதில் சட்டத்தைவிடப் பலம் அதிகம் பேசியது என்பது என் கருத்து. நாங்கள்தான் பழைய நாடு, நீங்கள் விட்டுப்போனவர்கள் என்று ஒரு தரப்பு சொல்லும்போது அது உணர்ச்சிப் பேச்சாகத் தோன்றும், அதற்குள் ஒப்பந்தங்களும் உறுப்புரிமைகளும் கடனும் சொத்தும் ஒளிந்திருக்கும். அதை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பேசுங்கள்.

காப்பகங்களைப் பற்றி அவசரப்படாதீர்கள், ஆனால் மறக்காதீர்கள். ஐஸ்லாந்து டென்மார்க்கிலிருந்து 1944-இல் முழுமையாகப் பிரிந்தது. கோபன்ஹேகனில் இருந்த ஐஸ்லாந்தின் பழைய கையெழுத்துச் சுவடிகளைத் திருப்பித் தர டென்மார்க் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, அது நீதிமன்றம் வரை போனது, 1971 ஏப்ரலில் முதல் இரண்டும் கப்பலில் ரெய்க்யவிக் வந்தபோது துறைமுகமே திரண்டு நின்றது. கடைசிச் சுவடி 1997-இல் வந்தது, மொத்தம் 1,800-க்கு மேல். எல்லாவற்றையும் கொடுக்கவில்லை, ஐஸ்லாந்தைப் பற்றியது ஐஸ்லாந்துக்கு, மற்றவை கோபன்ஹேகனில். அரை நூற்றாண்டு எடுத்தாலும் அறுபட்ட கழுத்து மாலை போல ஆகவில்லை. படி எடுக்க முடிந்த காகிதத்துக்கு இன்றைக்கு இன்னும் சுலபம், ஆனால் ஒருவருடைய பிறப்புப் பதிவும் நிலப் பத்திரமும் வேலைப் பதிவும் இருக்கும் பெட்டிக்கு இந்தப் பொறுமை ஆகாது, பென்ஷன் கேட்டு நிற்பவருக்கு அது அடுத்த வாரமே வேண்டும்.

தண்ணீர், குழாய், ரயில் பற்றி நிறைய எழுதலாம், இரண்டைச் சொல்லி நிறுத்துகிறேன். 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, ஜோகூரிலிருந்து வரும் தண்ணீருக்கான 1961, 1962 ஒப்பந்தங்களைப் பிரிவு ஒப்பந்தத்திலேயே உறுதி செய்தார்கள். விலை பற்றி இன்றும் முணுமுணுப்பு உண்டு, ஆனால் குழாய் அடைபடவில்லை, 1961 ஒப்பந்தம் 2011-இல் முடிந்தது, 1962 ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ரயில் நிலத்தை அப்படி எழுதாமல் விட்டார்கள், சிங்கப்பூருக்குள் ஓடிய மலேசிய ரயிலின் நிலத்தகராறு 2010 வரை இழுத்து, 2011-இல்தான் தஞ்சோங் பகார் நிலையம் மூடியது. தென் சூடானோ 2011-இல் எண்ணெய்க் கிணறுகளின் பெரும்பங்கோடு போனது, குழாயும் துறைமுகமும் வடக்கே இருந்தன, கடத்தும் கட்டணம் முடிவாகவில்லை. 2012 ஜனவரியில் கிணற்றையே மூடினார்கள், இரண்டு நாடும் பட்டினி கிடந்தன.

வழிகாட்ட சர்வதேசச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அரசுச் சொத்து, ஆவணம், கடன் பற்றி 1983-இல் வியன்னாவில் ஒரு உடன்படிக்கை எழுதப்பட்டது. 15 நாடுகள் ஏற்றால் அமலுக்கு வரும். இன்றுவரை வரவில்லை. ஆகவே நீங்கள் எழுதுவதுதான் சட்டம்.

1905-இல் நார்வேயும் சுவீடனும் பிரிந்ததை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆகஸ்டில் நார்வே வாக்கெடுப்பு, பிரிய வேண்டும் என்று 3,68,208 பேர், வேண்டாம் என்று 184 பேர். செப்டம்பர் இறுதிக்குள் கார்ல்ஸ்டாட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? எல்லையில் படையில்லாத பகுதி, பொதுவான ஏரிகளும் ஆறுகளும், சரக்குப் போக்குவரத்து, தகராறு வந்தால் நடுவர், அப்புறம் எல்லை தாண்டி மேயும் கலைமான்கள். கலைமான் மேய்க்கும் பழங்குடிகளான சாமி மக்களின் மந்தைக்குப் புதிய எல்லை தெரியாது என்று யாரோ ஒருவர் அந்த மேசையில் ஞாபகப்படுத்தியிருக்கிறார். பின்னாளில் அந்த மக்களுக்கு இரண்டு அரசுகளும் முழு நியாயம் செய்யவில்லை என்பது தனிக் கதை, ஆனால் முதல் பட்டியலிலேயே அது இருந்தது.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். முதல் கூட்டத்தின் முதல் தாளில் குடியுரிமை இருக்கட்டும். யாரும் தானாக எந்த நாடும் இல்லாதவர் ஆகக் கூடாது, காலக்கெடுவைத் தவறவிட்டவரின் குடியிருப்பு உரிமை போகாது, இதை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டாவது தாளில் பென்ஷன், ஒருவர் வாழ்ந்து உழைத்த இடத்தை வைத்து, நிறுவனத்தின் பெயர்ப்பலகை எங்கே தொங்கியது என்பதை வைத்து வேண்டாம். மூன்றாவதில் வங்கிச் சேமிப்பு, பேச்சு முறிந்தால் யார் கட்டுவது என்ற வரியோடு. மொழி விஷயத்தில் செக் நாட்டைப் பார்த்துக் காப்பியடிக்கலாம், அங்கே அரசு அலுவலகத்தில் ஸ்லோவாக் மொழியில் எழுதிய தாளை இன்றும் மொழிபெயர்ப்பு கேட்காமல் வாங்குகிறார்கள். தங்கமும் கட்டடமும் நாலாவதாக வரட்டும், அவை எங்கேயும் ஓடிவிடாது. கொடியைப் பற்றிப் பேச நேரம் மிஞ்சினால் பேசுங்கள். கையெழுத்துக்கு முன்னால் முதல் மூன்று தாள்களின் வரைவையும் பொதுவில் போட்டு, இரண்டு பக்கத்து மக்களும் படித்துத் தங்கள் நிலைமைக்கு அது பொருந்துகிறதா என்று கேள்வி கேட்க மூன்று மாதம் கொடுங்கள்.